கம்பம் நட்டால் மட்டும் மார்ட்டின் வராது

மார்ச் பிறந்தால் போதும், கொல்லையில் கொஞ்சம் இடம் இருக்கிற வீடாக வாங்கிய நண்பர்களில் யாராவது ஒருவர் எனக்குப் படம் அனுப்புவார். வெள்ளை வெளேரென்று, குட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு போல 12 அறை கொண்ட, பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவைக்கான ஒரு வீடு, வேலியோரத்தில், ஓக் மரத்தை ஒட்டிய கம்பத்தின் மேல். "மாட்டிட்டேன், எப்ப வரும்?" என்று கேட்டிருப்பார். அந்த இடத்துக்கு வராது என்று சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுவேன். அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே நானும் இப்படித்தான் மாட்டிவிட்டு இரண்டு வசந்தகாலம் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பர்ப்பிள் மார்ட்டின் என்பது நம் தகைவிலான் குருவியின் குடும்பம், வட அமெரிக்காவில் அந்தக் குடும்பத்திலேயே பெரியது, சுமார் 20 செ.மீ. நீளம். முழுதாக வளர்ந்த ஆண் பறவை வெயிலில் திரும்பும்போது கத்தரிக்காய்த் தோல் போல மின்னும். குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டுக் குஞ்சு பொரிக்க இங்கே வருகிறது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இந்தப் பறவை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மனிதர்கள் வைக்கும் வீடுகளையே நம்பி இருக்கிறது. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே சாக்டா, சிக்கசா பழங்குடி மக்கள் காய்ந்த சுரைக்குடுக்கையில் துளை போட்டு இதற்காகத் தொங்கவிட்டார்கள். மரப்பொந்தில் கூடு கட்டிய பறவை அப்படியே மனிதர் பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் இந்த வீட்டை வைப்பவர் ஒரு பொறுப்பை ஏற்கிறார், பொம்மை மாட்டுவது போல மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது.

முதல் தவறு இடம். பறவை வராததற்குக் காரணம் பத்தில் எட்டு முறை இதுதான் என்பது என் கணிப்பு. நாம் தோட்டத்துக்கு எது அழகு, சமையலறை ஜன்னலிலிருந்து எது தெரியும் என்று பார்க்கிறோம், மார்ட்டினோ வேகமாகச் சறுக்கி வந்து இறங்க எல்லாப் பக்கமும் திறந்த வெளி இருக்கிறதா என்று பார்க்கிறது. கம்பத்தைச் சுற்றிக் குறைந்தது 40 அடிக்கு மரம் இருக்கக் கூடாது, 60 அடி என்றால் இன்னும் நல்லது. மரம் பக்கத்தில் இருந்தால் வல்லூறு அதில் ஒளிந்து உட்காரும், இரவில் ஆந்தை வரும், அணில் தாவும், இதெல்லாம் அந்தப் பறவைக்குத் தெரியும். உயரம் 12 முதல் 15 அடி போதும். விசித்திரம் என்னவென்றால் மனிதர்களை விட்டுத் தள்ளி வைப்பதும் தவறு, வீட்டிலிருந்து 30 அடிக்கும் 120 அடிக்கும் இடையில் இருப்பதுதான் அதற்குப் பிடிக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் எதிரிகள் குறைவு என்பதால். அப்புறம், நட்டபோது இடுப்பளவு இருந்த மரக்கன்று ஏழெட்டு வருஷத்தில் கூரையைத் தொட்டுவிடும். வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த பறவைகள் திடீரென்று நின்றுபோனால் முதலில் அண்ணாந்து மரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, காலம். முதலில் வருகிற பறவைகளை இங்கே எல்லாரும் ஸ்கவுட் என்பார்கள், அதாவது இடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கூட்டத்தைக் கூட்டிவரும் தூதர் என்று நம்பிக்கை. அப்படி எதுவும் இல்லை. அவை வயதான பறவைகள், போன வருஷம் குஞ்சு பொரித்த அதே வீட்டுக்கு நேராகப் போகின்றன, உங்கள் புது வீட்டை ஏறிட்டும் பார்க்காது. புது இடம் தேடுவது போன வருஷத்துக் குஞ்சுகள்தான், அவை நாலு வாரமாவது பிந்தித்தான் வரத் தொடங்கும். டெக்சாஸில் முதல் பறவைகள் பிப்ரவரியிலேயே தலைகாட்டும், வடக்கு மாநிலங்களில் ஏப்ரல் ஆகிவிடும். இதைத் தெரியாமல் பிப்ரவரியில் எல்லா வாசலையும் திறந்து வைத்தால் மார்ட்டின் வருவதற்குள் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள். அதே போல ஏப்ரலில் ஒன்றும் வரவில்லை என்று கழற்றி வைப்பதும் தவறு, மே முடியும் வரையாவது இருக்கட்டும்.

அந்த "வேறு யாராவது" பெரும்பாலும் சிட்டுக்குருவிதான். இங்கேதான் நம்மவர்களுக்கு மனசு கேட்காது. ஊரில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டதே என்று அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வாசலில் மாட்டுகிறோம், மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடு கொடுக்கிறோம். அதே குருவியை 1850களில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், அது நாடு முழுக்கப் பரவி இங்கத்திய பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. மார்ட்டின் முட்டையைக் கொத்தி உடைக்கும், குஞ்சை வெளியே தள்ளும். "பாவம், அதுவும் ஒரு உயிர்தானே, ஓர் அறையில் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று என் முதல் வருஷத்தில் விட்டேன். ஒரே ஆண் குருவி, நாலு அறையில் வைக்கோலை அடைத்துவிட்டது. கூட்டை மட்டும் கலைத்தால் போதாது, அந்த ஆண் குருவி அதே வாசலை விடாமல் திரும்பத் திரும்பக் கட்டும், சில சமயம் பக்கத்து அறை முட்டைகள் மீது பாயும். அதனால்தான் அனுபவசாலிகள் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். உங்களால் அது முடியாது என்றால் வாசல்களை அடைத்துவிட்டு, மார்ட்டின் வந்து வட்டமடிக்கும்போது மட்டும் திறங்கள். குருவிக்குப் பண்ணை நடத்துவதைவிட வீட்டை இறக்கி வைப்பதே மேல் என்பது என் முடிவு.

ஆனால் கலைக்கும் முன் யாருடைய கூடு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டத்தின்படி மார்ட்டின், புளூபேர்டு, மரத் தகைவிலான் போன்றவற்றின் முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது குற்றம். சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங் என்ற பறவைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மார்ட்டின் கூடு தட்டையாக இருக்கும், வாசல் பக்கம் மண் பூச்சு, மேலே பச்சை இலைகள், முட்டை தூய வெள்ளை. குருவி கூடு கூரை வரை புல்லும் இறகும் திணித்த குப்பை மூட்டை, முட்டையில் பழுப்புப் புள்ளிகள்.

ஸ்டார்லிங் நம் மைனாவின் பங்காளி, 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் கொண்டுவந்து விட்டது. அதுவும் மார்ட்டின் அறைகளைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது: வட்ட வாசலுக்குப் பதிலாகப் பிறை வடிவ வாசல், உயரம் சுமார் 3 செ.மீ. மார்ட்டின் பதுங்கி நுழைந்துவிடும், ஸ்டார்லிங்கால் முடியாது. அந்தப் பிறை அறையின் தரையை ஒட்டியே இருக்க வேண்டும், மேலே தூக்கி வெட்டினால் மார்ட்டினும் நுழையாது. கடையில் விற்கும் மலிவு வீடுகளில் பல இன்னும் வட்ட ஓட்டையோடும், 15 செ.மீ. சதுர அறையோடும்தான் வருகின்றன. அறை 30 செ.மீ. ஆழம் இருந்தால் ஆந்தையின் கால் குஞ்சுவரை எட்டாது, மழையும் உள்ளே அடிக்காது.

வீட்டைக் கம்பத்தோடு நிரந்தரமாகப் பூட்டிவிடுவது இன்னொரு பெரிய தவறு. கிணற்று ராட்டினம் போல, கயிறு இழுத்தால் இறங்கி ஏறும் அமைப்பு வேண்டும். வாரம் ஒருமுறை இறக்கி, ஒவ்வொரு அறையாகப் பார்த்து, எத்தனை முட்டை, எத்தனை நாள் குஞ்சு என்று எழுதி வையுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பாட்டி சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும், மார்ட்டின் அப்படிச் செய்வதில்லை. 15 நாளுக்கு மேல் அடைகாத்து, பொரித்த பின் நாலு வாரம் போலக் குஞ்சுகள் உள்ளே இருக்கும். மூத்த குஞ்சுக்கு 22 நாள் ஆகிவிட்டால் மட்டும் திறப்பதை நிறுத்துங்கள், பயந்து குதித்துவிடும்.

கம்பத்தில் தடுப்பு வைக்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரும்புக் கம்பத்தில் பாம்பு ஏறாது என்று நானும் நினைத்தேன். ஜூன் மாதம் ஒரு காலை இறக்கிப் பார்த்தபோது மூன்று அறைகள் சுத்தமாகக் காலி, நாலாவது அறையில் வயிறு புடைத்த ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. முந்தின நாள் எண்ணியபோது 14 குஞ்சுகள். கிரீஸ் தடவுவது சில நாளில் காய்ந்துவிடும், அதை நம்பாதீர்கள். கம்பம் ஏறும் ரக்கூன் என்ற விலங்குக்கும் பாம்புக்கும் சேர்த்து அகலமான தகர உருளையைக் கம்பத்தில் மாட்டுங்கள், பறவை வருவதற்கு முன்பே.

கொசு ஒழியும் என்று வைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு மார்ட்டின் ஒரு நாளில் 2,000 கொசு தின்னும் என்பது 1960களில் இல்லினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் ஊரிலிருந்து வீடு விற்கப் பரப்பிய பேச்சு. மார்ட்டின் பகலில், உயரத்தில் இரை தேடும், கொசு பெரும்பாலும் அந்திக்குப் பிறகு தாழ்வாகப் பறக்கும். அது விரும்பிப் பிடிப்பவற்றில் தட்டான் ஒன்று, தட்டானோ தானே கொசு தின்னி! தானியம் வைத்து அழைப்பதும் வீண், பறக்கும் பூச்சி தவிர வேறெதையும் அது தேடுவதில்லை. தினையும் ரொட்டித் துண்டும் போட்டால் குருவிதான் சேரும். அதற்குப் பதில் முட்டை ஓட்டை அடுப்பில் சுட்டு நொறுக்கி ஒரு தட்டில் வையுங்கள், முட்டையிடும் காலத்தில் சுண்ணாம்புச் சத்துக்காக வந்து பொறுக்கும்.

குளிர் பற்றியும் யோசிக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூச்சி பறக்காது, மூன்று நாலு நாள் அப்படி நீடித்தால் பட்டினிதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது முந்தி வந்த பறவைகள் பல செத்தன. ஏற்கெனவே உங்களிடம் பறவை இருந்தால், குளிர் நாளில் சுவர்க்கோழிப் பூச்சியையோ பொரித்த முட்டைத் துணுக்கையோ ஒரு கரண்டியால் காற்றில் சுண்டிவிடுங்கள். பறந்து பிடித்துப் பழகிய பறவை என்பதால் தரையில் வைத்தால் தொடாது. பழக ஒன்றிரண்டு நாள் ஆகும்.

இவ்வளவும் செய்து முதல் வருஷம் வரவில்லையா? சரி, கம்பத்தைப் பிடுங்காதீர்கள். ஆண் மார்ட்டின் விடியலுக்கு முன் பாடும் பாட்டின் ஒலிப்பதிவு கிடைக்கும், அதை ஏப்ரல், மே மாதங்களில் விடியலுக்கு முன் மெல்லிய ஒலியில் போடுங்கள், அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மரத்தால் செய்த மார்ட்டின் பொம்மை ஒன்றிரண்டும் உட்கார வைக்கலாம். எனக்கு மூன்றாவது வருஷம் ஏப்ரல் கடைசியில், நெஞ்சில் இன்னும் சாம்பல் நிறம் மாறாத ஓர் இளம் ஜோடி வந்தது. கம்பத்தை ஓக் மரத்திடமிருந்து தள்ளிப் புல்வெளி நடுவில் மாற்றி நட்டு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.