கேக்கை ஃப்ரீசரில் வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஃப்ரீசரில் வைத்த கேக் என்றாலே வறண்டுபோய், ஃப்ரிட்ஜ் வாடையோடுதான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒழுங்காகச் சுற்றி வைத்த பட்டர் கேக்கை இரண்டு மாதம் கழித்து எடுத்துச் சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குளிரால் கேக்குக்குப் பெரிய கெடுதல் வருவதில்லை. உள்ளே இருக்க வேண்டிய ஈரம் வெளியேறும்போதும், வெளியே இருக்க வேண்டிய ஈரம் கேக்கின் மேல் வந்து உட்காரும்போதும்தான் கெடுகிறது. கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடியும்.

முதல் தவறு, ஃப்ரீசரில் வைக்க வேண்டியதைக் கீழே ஃப்ரிட்ஜில் வைப்பது. பிரெட், பன், கிரீம் இல்லாத ஸ்பாஞ்ச் கேக் எல்லாம் ஃப்ரிட்ஜில்தான் வேகமாகக் காய்ந்துபோகின்றன. சுடும்போது ஈரத்தை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மீண்டும் இறுகும். உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில், அதாவது ஃப்ரிட்ஜின் 4 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், அந்த இறுக்கம் அதிவேகமாக நடக்கும். மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட நின்றே போகும். அதனால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்றால் டப்பாவில் மூடி வெளியே வையுங்கள். தீராது என்று தெரிந்தால் சுட்ட அன்றே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மூன்று நாள் வெளியே கிடந்து காய்ந்த பிறகு உறைய வைத்தால், எடுக்கும்போதும் காய்ந்த கேக்தான் கிடைக்கும்.

அன்றே என்றதும் சூட்டோடு சுற்றிவிடக் கூடாது. வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் நடுப்பகுதியில் சூடு இருக்கும். அந்த ஆவி கவருக்குள்ளேயே நீராகி, பனியாகி, பிறகு கரையும்போது மேல்தோலைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கம்பி வலைத் தட்டில் வைத்து ஆற விட்டு, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு துளியும் இல்லை என்றால் சுற்றலாம்.

சுற்றுவதில் சோம்பல் பட்டால் பலன் கிடைக்காது. ஃப்ரீசர் காற்று மிகவும் வறண்டது. அதில் பனிக்கட்டி நீராகாமல் நேராக ஆவியாகிவிடும். கேக்கின் ஓரத்தில் வெளுத்துப்போய், மரத்தூள் மாதிரி உதிரும் திட்டுகள் அப்படி வருபவைதான். முதலில் கிளிங் ஃபிலிமை, அதாவது ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, இடைவெளி இல்லாமல் கேக்கோடு ஒட்டி இரண்டு சுற்று சுற்றுங்கள். அதன் மேல் அலுமினியம் ஃபாயில், அல்லது காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் கவர். பாதி காலியான பெரிய டப்பா மட்டும் போதாது, உள்ளே இருக்கும் காற்றே கேக்கை உலர்த்திவிடும். வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதால், மீனும் வெங்காயமும் இருக்கும் ஃப்ரீசரில் இந்த இரண்டாவது உறையை விடவே கூடாது.

ஐசிங் போட்ட கேக்கை உடனே சுற்றினால் பூவேலை எல்லாம் ஃபிலிமோடு வந்துவிடும். பட்டர்கிரீம் கேக்கை ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் திறந்தபடியே வைத்து, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகு சுற்றுங்கள். மஃபின், கப்கேக், பிரவுனித் துண்டுகளையும் தட்டில் தள்ளித் தள்ளி வைத்து உறைய விட்டு, அப்புறம் ஒரே கவரில் போடலாம். ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டிய எண்ணிக்கையை மட்டும் எடுக்கலாம்.

எல்லாவற்றையும் உறைய வைக்க ஆசைப்படுவதும் தவறுதான். கஸ்டர்ட் நிரப்பியது, ஜெல்லி, மெரிங்கு (முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்தது), புதுப் பழம் அடுக்கியது எல்லாம் கரையும்போது நீர் விட்டுத் தொளதொளத்துவிடும். வெறும் விப்பிங் கிரீமையும் நம்ப முடியாது. ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவில் செய்த பொம்மைகள் ஈரம் பட்டுப் பிசுபிசுத்துச் சாயம் விடும். இப்படிப்பட்ட கேக்குக்கு ஸ்பாஞ்சை மட்டும் முன்கூட்டியே சுட்டு உறைய வைத்து, மேல்வேலையை அன்றைக்குச் செய்வதே நல்லது. பாதி உறைந்த ஸ்பாஞ்ச் உதிராமல் நேராக வெட்டுப்படும் என்பது கூடுதல் லாபம்.

சரி, வெளியே எடுக்கும்போது நடக்கும் தவறு. மற்ற எல்லாம் சரியாகச் செய்தவர்கள்கூட இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆசையாக உறையைப் பிரித்துவிட்டுத் தட்டில் வைப்பார்கள். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கேக்கின் மேல் பட்டதும் பொட்டுப் பொட்டாக வியர்க்கும், சிறிது நேரத்தில் மேல்தோல் ஊறிவிடும். உறையைப் பிரிக்காமல் அப்படியே விடுங்கள். அந்த வியர்வை முழுக்க ஃபாயிலின் வெளிப்புறத்தில் படியும், துணியால் துடைத்துவிட்டுப் பிரித்தால் கேக் ஈரம் படாத மேல்தோலோடு வரும். கப்கேக்குக்கு ஒரு மணி நேரம் போதும், முழுக் கேக்குக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். கிரீமோ கிரீம் சீஸோ உள்ளதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் ரப்பராகும், நடு உறைந்தே இருக்கும்.

தேதி எழுதாமல் வைப்பதும் வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் மாறாமல் இருந்தால் உடம்புக்குக் கெடுதல் வராது, ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு ருசி இறங்கத் தொடங்கும்.

குக்கீஸை மட்டும் சுட்டு வைக்காமல் மாவாகவே உருட்டி உறைய வையுங்கள். உறைந்தபடியே ஓவனில் வைத்து ஓரிரு நிமிடம் கூடுதலாக விட்டால் போதும். கேக் மாவில் இந்த வேலை பலிக்காது. பேக்கிங் சோடா கலந்த உடனே வேலையைத் தொடங்கிவிடுவதால், உறைந்து மீளும் மாவு சரியாக உப்பாது.

பிரெட்டை முழுசாக வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் கரைத்து மறுபடி உறைய வைக்காதீர்கள். முதலிலேயே துண்டு போட்டு வைத்தால், வேண்டியதை மட்டும் எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம். 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகிக்கொடுக்கும்.