பிள்ளைகளோடு பட்டாம்பூச்சித் தோட்டம்: பூவை விடுங்கள், புழுவுக்குத் தீனி வையுங்கள்

போன வருடம் ஆடியில் எங்கள் குடியிருப்பில் (கோவை) ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தோட்டம் போட்டோம். முதல் இரண்டு மாதம் வந்த பட்டாம்பூச்சியெல்லாம் தேன் குடித்துவிட்டுப் பறந்துவிட்டது, ஒன்றும் முட்டையிடவில்லை. தப்பு என்னுடையதுதான். குழி தோண்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் உங்களுக்கே தெரியும் என்பதால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

1. அனுமதி

பத்தடிக்குப் பத்தடி போதும், காலை வெயில் நன்றாக விழ வேண்டும். அசோசியேஷனில் "தோட்டம் போடுகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "இலை ஓட்டையாகத்தான் இருக்கும், யாரும் மருந்து அடிக்கக் கூடாது" என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மனதோடு யாரோ அடித்துவிட்டார்கள், இருந்த நான்கு புழுவும் போச்சு.

2. ஆட்கள்

ஏழு முதல் பன்னிரண்டு வயது, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம். பெரியவர்கள் இருவர் கட்டாயம்.

3. செடி (நான் வழுக்கி விழுந்த இடம்)

நான் முதலில் வாங்கியது இட்லிப்பூவும் செம்பருத்தியும். தேனுக்குப் பட்டாம்பூச்சி பல பூக்களுக்கும் போகும், ஆனால் முட்டையிட அதற்கென்று உள்ள செடியைத்தான் தேடும், ஏனென்றால் புழு அந்த இலையைத்தான் தின்னும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் கறிவேப்பிலை அழகன், எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் வரும். எருக்குக்கு வெந்தய வரியன், ஆடுதின்னாப்பாளைக்கு ரோஜா அழகி. சரக்கொன்றை வைக்க இடமிருந்தால் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் தானாக வந்துவிடும். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் வருமா என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு ஆசாமி, நம் காம்பவுண்டுக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்தேன், முட்டையும் வந்தது, ஆனால் பொரித்த புழு இரண்டே நாளில் சுருண்டு விழுந்தது. கன்றுக்கு நர்சரியிலேயே மருந்து அடித்திருந்தார்கள். இப்போது நர்சரிக்கே போவதில்லை. யார் வீட்டிலாவது பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் அதனடியில் பக்கக்கன்று முளைத்துக் கிடக்கும், மழை பெய்த மறுநாள் வேர்மண்ணோடு தோண்டிக் கொண்டுவந்து நடுங்கள். சிலது பட்டுப்போகும், அதனால் ஐந்தாறு கன்றாக வையுங்கள். ஒரே கன்றை நாலு புழு சேர்ந்து மொட்டையாக்கிவிடும் என்பதாலும்தான். அப்புறம், வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று ஒருவர் கிளம்பி வருவார். புழுவுக்கு அதுவும் ஆகாது.

4. புழு வந்ததும்

எலுமிச்சை இலையில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், துடைத்துவிடாதீர்கள், அதுதான் புழு. வளர வளரப் பச்சையாகிவிடும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போல இரண்டு நீட்டும், கூடவே ஒரு காட்டமான வாடை. எங்கள் குழுவில் ஒருத்தி அலறி ஓடிவிட்டு, அடுத்த வாரம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முட்டையிலிருந்து சிறகு வர மூன்று நான்கு வாரம் ஆகும்.

இன்னொரு எதிரி ரசம். கறிவேப்பிலை கண்ணில் பட்டால் பாட்டிமார்கள் முட்டையோடு கிள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகள் கையாலேயே ஒரு பலகை எழுதி வைத்த பிறகுதான் நின்றது.

5. தண்ணீர்த் தட்டு

குருவிகளுக்கு மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் விட்டால் கொசுப் பண்ணைதான்.

சாமான்

ஆன்லைனில் வரும் பிளாஸ்டிக் தோட்டக்கருவி செட் வேண்டவே வேண்டாம், முதல் நாளே உடையும். இரும்புக் கடையில் மூன்று களைக்கொத்து, ஒரு பூவாளி போதும். செடி, பூச்சி பெயர் பார்க்க 'சீக்' செயலி நல்லது, பிள்ளைகள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அது சில நேரம் தப்பாகவும் சொல்லும், அதனால் ஆளுக்கொரு நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 1: எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்கு ரொம்ப ஆபத்து. பட்டுவிட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். எங்கள் எருக்கு சுவருக்கு வெளியேதான் இருக்கிறது, பெரியவர்கள் மட்டுமே தொடுவோம். ஆடுதின்னாப்பாளையும் வாயில் வைக்கக் கூடாதது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டுக் கறிவேப்பிலை, எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: குளிர்காலத்தில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி 'இபேர்ட்' என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளின் முதல் பட்டியலில் இருந்தது மூன்றே மூன்று: காக்கை, மைனா, புறா.