சிறிய வீடு வாங்குமுன்: கடலூரில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

என்னைப் போன்ற பத்திர எழுத்தரிடம் வருகிறவர்கள் முன்பு போல இல்லை. வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரம் வாங்கி, பட்டாவை ஆன்லைனில் சரிபார்த்து, எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். யூடியூப் புண்ணியம். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், பெண் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால் அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் இருபது, இருபத்தைந்து லட்சத்துக்குள் ஒரு சிறிய பழைய வீடு வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பிள்ளைகள், தாளையே பார்த்துக்கொண்டிருந்து தரையைப் பார்க்காமல் விடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் பார்ப்பேன். அதனால்தான் பார்க்கும்போது பொறுக்கவில்லை.

வழியைப் பார்க்காமல் பின்வீடு வாங்குவது

திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர் என்று கடலூரின் பழைய தெருக்களில் மனைகள் அகலம் குறைவாக, நீளம் அதிகமாக இருக்கும். தெருமுகப்பு 20 அடி, பின்னால் 90 அடி, 100 அடி. அப்பா இருந்தவரை ஒரே வீடு. அவர் போனதும் இரண்டு மகன்கள் பாகம் பிரிப்பார்கள். பெரியவருக்கு முன்பக்கம். சின்னவருக்குக் கிணற்றடியும் மாட்டுக்கொட்டகையும் இருந்த பின்பக்கம். சின்னவர் அங்கே இரண்டு அறையும் சமையல்கட்டும் கட்டிக்கொள்வார். தெருவுக்குப் போக ஓரமாக ஒரு சந்து. அண்ணன் தம்பிதானே என்று அந்தச் சந்தைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிடுவார்கள். முப்பது நாற்பது வருஷம் கழித்து இரண்டு பாகமும் கைமாறும்போதுதான் தெரியும்.

இன்று பழைய தெருக்களில் பட்ஜெட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்தப் பின்வீடுகள்தான். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் கேட்டால் ‘தெருமுகப்பு இல்லை, அவ்வளவுதான்’ என்பார்கள்.

சமீபத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் சிப்காட்டில் வேலை, அந்தப் பெண் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. 780 சதுரடி, சதுரடி 2,800 ரூபாய், பழைய கட்டடம் என்பதால் கட்டடத்துக்குத் தனி விலை இல்லை. மொத்தம் 21,84,000. அதில் 2 லட்சம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நாள் குறித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

“வழி எங்கேப்பா?”

“பக்கத்துல மூணடி சந்து இருக்கு சார். பைக் போகுது.”

“பத்திரத்துல எங்க இருக்கு?”

பக்கங்களைப் புரட்டினார். சொத்து விவரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், இப்படி இருந்தது: இன்னார் வீட்டுக்கும் மேற்கு, இன்னார் மனைக்கும் கிழக்கு, இன்னார் வீட்டுக்கும் வடக்கு, இன்னார் மனைக்கும் தெற்கு. இதன் மத்தியில் கிழமேல் 30 அடி, தென்வடல் 20 அடி. நான்கு பக்கமும் யாரோ ஒருவருடைய மனை. தெரு இல்லை, சந்து இல்லை. அந்தத் தாளின்படி அந்த வீட்டுக்கு ஹெலிகாப்டரில்தான் போய் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 30-ஐ 20-ஆல் பெருக்கினால் 600. விலை பேசியது 780-க்கு. மீதி 180 எங்கிருந்து வந்தது? மூன்றடி அகலம், அறுபதடி நீளம், அந்தச் சந்து. விற்பவருக்குச் சொந்தமில்லாத சந்துக்கு இவர்கள் 5,04,000 ரூபாய் கொடுக்கவிருந்தார்கள்.

முன்வீட்டின் பத்திர நகலைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் சொத்துப் பரிமாற்றங்கள் பதிவாகும் முதல் புத்தகத்திலிருந்து யாருடைய பத்திரத்துக்கும் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். பதிவுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அடுத்தவர் பத்திரத்தை எப்படிக் கேட்பது என்று எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். நகல் வந்தது. தெருமுகப்பு 20 அடியும் முழுசாக முன்வீட்டுக்காரருக்கு. சந்து அவர் மனைக்குள் இருக்கிறது. அவர் சென்னையில் இருப்பவர், இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடத்தோடு கட்டப் போகிறாராம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 20 அடிக்குப் பணம் கொடுத்து 20 அடி வாங்கியிருக்கிறார்.

வழியை எழுதிக் கொடுக்க அவர் 3 லட்சம் கேட்டார். விற்பவர் தர மறுத்தார். பேரம் முறிந்தது. முன்பணம் பத்தும் இருபதுமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

‘அம்பது வருஷமா இந்த வழியிலதான் நடக்கிறோம், யார் என்ன கேட்க முடியும்?’ என்பார்கள். கேட்க முடியும். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக நடந்திருந்தால் பாத்தியம் (வழிக்கான சட்ட உரிமை) உண்டாகும் என்பது உண்மை. ஆனால் ‘அண்ணன் விட்டார், நடந்தோம்’ என்றால் அது அனுமதி, உரிமையில் சேராது. வேறு வழியே இல்லாத பின்மனைக்கு அவசியத்தின் பேரில் வழி உண்டு என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. இரண்டில் எதைப் பிடித்தாலும் எதிராளி ஒப்புக்கொள்ளாவிட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்க வேண்டும். நீங்கள் கடன் வாங்கி வீடு வாங்குவது வாய்தாவுக்கு நடக்கவா?

இதில் எரிச்சல் வருவது எங்கள் ஆட்கள் மேலும்தான். பழைய பத்திரங்களில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒன்றும் இருக்காது. அந்த வரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதே வழி முன்வீட்டுக்காரர் பத்திரத்திலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தன் பத்திரத்தில் தானே எழுதிக்கொண்ட உரிமை அடுத்தவரைக் கட்டாது.

எழுதியிருந்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். சந்து இருவருக்கும் பொதுவா, உங்களுக்கு நடக்க மட்டும் உரிமையா? நடக்க மட்டும் என்றால் அந்த இடத்தைப் பரப்பில் சேர்த்து விலை கேட்கக் கூடாது. பொது என்றால் பாதிதான் உங்கள் கணக்கு. வண்டி போகலாமா? தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இணைப்பு, கரண்டு வயர் எல்லாம் அந்தச் சந்தில்தான் வர வேண்டும். பள்ளம் தோண்ட உரிமை உண்டா?

அப்புறம் டேப்பைக் கையில் எடுங்கள். வாசலில் அளந்தால் மூன்றடி இருக்கும். உள்ளே போகப் போக மோட்டார், மழைநீர்க் குழாய், மீட்டர் பெட்டி என்று ஒவ்வொன்றும் நீட்டிக்கொண்டு இரண்டே காலடி ஆகிவிடும். மிகவும் குறுகிய இடத்தில் அளக்க வேண்டும். திருப்பத்தில் பீரோ திரும்புமா என்று பாருங்கள். வயதானவர்களை அழைத்துப் போனால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இன்னொன்றையும் கணக்குப் போடுவார்கள். நாற்காலியில் உட்கார வைத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து, அங்கே பாடை கட்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும், வாங்குவதற்கு முன்னால். முன்வீட்டுக்காரர் வழிபாத்தியத்தை அளவோடு, வரைபடத்தோடு எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். மூலப்பத்திரத்தில் விட்டுப்போனது என்றால், எழுதிக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம். முத்திரைத் தாளில் எழுதி, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பதியாமல் பீரோவில் வைத்திருக்கும் காகிதத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வழியைப் பதிந்து வாங்கும் வேலையும் செலவும் விற்பவருடையது.

வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்வது

சித்திரை வைகாசியில் கடலூரில் எல்லா வீடும் மேட்டில்தான் இருக்கும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் எப்படி இருந்தது என்று அங்கே உறவுக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கடலூரை அதைவிட வதைத்தது, அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர். தென்பெண்ணை கரை மீறிக் குண்டு உப்பலவாடி, கண்டக்காடு பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. ஆக, நம் தெருவில் மழைநீர் நிற்காது என்பது மட்டும் போதாது. ஆறு எவ்வளவு தூரம் என்பதும் கணக்கு. 2015 வெள்ளத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டாம். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். “தண்ணி வருமா?” என்று கேட்டால் “அதெல்லாம் வராது” என்றுதான் பதில் வரும். “போன தடவை எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். வீட்டுக்குள் மீட்டர் பலகையைப் பாருங்கள். தலைக்கு மேலே புதுப் பலகை, அதற்கு இரண்டடி கீழே அடைத்த பழைய ஆணி ஓட்டைகள் என்றால் காரணத்தைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே போகிறது. வாசல்படி இறங்கி உள்ளே போகிற வீடென்றால் தளத்தை உயர்த்தும் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். தளத்தை உயர்த்தினால் கூரை தலையில் இடிக்கும், அதையும்.

“மேலே ஒரு மாடி எடுத்துக்கலாம்”

சிறிய வீட்டை விற்கிறவர் எல்லாரும் சொல்வது. பழைய வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது, பாரத்தைச் சுவரே தாங்குகிறது. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு மூலையில் தோண்டிப் பார்க்காமல் மாடிக்கு இடம் இருப்பதாக நினைத்து விலையைக் கூட்டாதீர்கள். கடலோரம் என்பதால் காங்கிரீட் தளமாக இருந்தால் அடியில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்டு பெயர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவும். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் தட்டிப் பார்க்கவும். பின்வீடாக இருந்தால் மாடிக்கு அனுமதி கேட்கும்போது வழியின் அகலத்தைக் கேட்பார்கள். மறுபடியும் அதே சந்து.

பதிவுச் செலவை மறப்பது

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வங்கி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது உச்சவரம்புதான். பழைய வீட்டுக்கு அவ்வளவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது

கேட்காதீர்கள். எழுத மாட்டேன்.

“பேங்க் வக்கீல் பார்த்துட்டார்”

வங்கிக்காகப் பார்த்தார்.

வாஸ்து

பார்க்கலாம். சந்தைப் பார்த்த பிறகு.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூரிலிருந்து பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் அது புதுச்சேரி. பத்திரப்பதிவு, நில ஆவணம், கட்டணம் எல்லாம் வேறு அரசு. நம் ஊர் இணையதளத்தில் வில்லங்கம் தேடிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று மகிழ்ந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அங்கே சில சொத்துகளுக்கு மூலம் பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் (அந்தக் காலப் பத்திர அதிகாரி) பத்திரம் வரை போகும், அதுவும் பிரெஞ்சு மொழியில். அதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் வக்கீலிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

முன்பணத்தை முதலில் கொடுத்துவிடுவது

வீடு பிடித்துவிட்டது, வேறு பார்ட்டி வருகிறது என்று புரோக்கர் சொன்னதும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஓட்டை தெரிந்தாலும் பேசும் பலம் விற்பவர் பக்கம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 முதல் சொல்கிறது. வங்கி வழியாகவே அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் (விற்பதாக முன்கூட்டிச் செய்யும் ஒப்பந்தம்) பதிவு செய்தாக வேண்டும். பின்வீடாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் நான் ஒரு பத்தி சேர்க்கிறேன்: தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை வழிபாத்தியத்தை அகலம், நீளம், வரைபடத்துடன் முன்வீட்டுக்காரரிடம் பதிவு செய்து வாங்கித் தர வேண்டியது விற்பவர் பொறுப்பு, அது முடியும்வரை மீதித் தொகை கிடையாது, இத்தனை நாளில் முடியாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். இதைப் படித்துக் காட்டியதும் கையெழுத்துப் போடத் தயங்குகிற விற்பவருக்கு அந்தச் சந்தைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும்.