பணியாளர் உதவித் திட்டத்தில் தொழிற்சங்கம் செய்ய வேண்டியவை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பகுதிகளின் பேருந்துப் பணிமனையிலோ அரிசி ஆலையிலோ நிர்வாகம் பணியாளர் உதவித் திட்டம் (குடிப்பழக்கம், மனச்சோர்வு போன்ற சிக்கல்களுக்கு ஊழியருக்கு ஆலோசனை தரும் ஏற்பாடு) தொடங்க முன்வந்தால், சங்கம் முதலில் கேட்க வேண்டியது ரகசியக் காப்புக்கான எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். குடிப்பழக்கத்திற்கோ மனச்சோர்வுக்கோ ஆலோசனை பெற்றவரின் பெயர் மேலாளரின் மேசைக்குப் போகக்கூடாது. எத்தனை பேர் பயன்பெற்றனர் என்ற எண்ணிக்கை மட்டுமே போகலாம். உதவி நாடியதையே காரணமாக்கி மெமோ கொடுப்பதில்லை, சிகிச்சை நாள்கள் விடுப்பாகவே கருதப்படும் என்ற இரண்டும் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநோயாளியின் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. பேச்சுவார்த்தையில் அதை எடுத்துக்காட்டுங்கள்.

அடுத்து, சக ஊழியர் நம்பிப் பேசக்கூடிய சிலரை, பெண் ஒருவர் உட்பட, துணையாளர்களாகத் தேர்ந்தெடுங்கள். சங்கப் பொறுப்பாளர்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் தேர்தல் போட்டி உள்ள இடத்தில் யாரும் மனம் திறப்பதில்லை. துணையாளரின் வேலை கேட்பதும் வழிகாட்டுவதுமே, மருத்துவம் பார்ப்பதன்று. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் செல்லலாம். இரவுப்பணி முடித்து வருவோருக்கு எந்நேரமும் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ ஓய்வறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

நெல் கொள்முதல் நிலையச் சுமைத் தொழிலாளர்களுக்கு அறுவடைக் காலத்தில் பகலில் ஓய்வு கிடைப்பது அரிது என்பதால், ஆலோசனை நேரத்தை மாலைக்கு மாற்றக் கோருங்கள். ஓய்வின்றி நீளும் பணிநேரம் குறித்த கோரிக்கையை மட்டும், திட்டம் வந்துவிட்டதென்று கைவிடாதீர்கள்.