ஜெர்மன் சிற்றூர் ஆலயத்தைக் கல்லிலிருந்து படிப்பது எப்படி: நோர்ட்லிங்கன் புனித ஜார்ஜ் ஆலயம்

ஜெர்மனியின் சின்ன ஊர்களில் ரயிலைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஆலயக் கோபுரம்தான். வருகிறவர்களில் பலர் நேரே உள்ளே நுழைந்து, பீடத்தைப் படமெடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எந்தப் பகுதி முதலில் எழும்பியது, வேலை எங்கே நின்றது, எது பின்னால் மாற்றப்பட்டது என்பதெல்லாம் சுவரிலேயே இருக்கிறது. அதைப் படிக்கக் கலை வரலாற்றுப் பட்டம் வேண்டாம். மூன்று மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பவேரிய மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சுமார் 20,000 பேர் வாழும் நோர்ட்லிங்கனின் புனித ஜார்ஜ் ஆலயத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாக ஒருகாலத்தில் இருந்த ஊர் இது. ஆலய வேலை 1427-இல் தொடங்கியது. வளைகூரை மூடி முடிந்தது 1505-இல். பிற்கால கோதிக் பாணி. இங்கே பழகிவிட்டால் தென்ஜெர்மனியின் வேறு சிற்றூர் ஆலயங்களிலும் இதே வழி கைகொடுக்கும்.

கையில் வேண்டியவை: 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், சின்ன டார்ச், 5 மீட்டர் டேப், கட்டம் போட்ட தாள், பென்சில், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போகாதீர்கள். மற்ற நாட்களில் மெஸ்னர் இருந்தால், நம் ஊர்க் கோவில்பிள்ளையிடம் சொல்வதுபோல அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரம் வெளியே. உள்ளே போகும் ஆசையை அடக்கிக்கொண்டு கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுவர் பல கோணங்களாக மடங்கி முடியும் பக்கம் கிழக்கு, பீடம் அங்கேதான். பிறகு கூரையைப் பாருங்கள். நடுப்பகுதி உயர்ந்து, பக்கக் கூரைகளுக்கு மேலே ஒரு ஜன்னல் வரிசை தெரிந்தால் அது பசிலிக்கா வகை. இங்கே அப்படி இல்லை. மூன்று பத்திகளையும் (தூண் வரிசைகள் பிரிக்கும் நீளவாக்குப் பகுதிகள்) ஒரே பெரிய கூரை மூடியிருக்கிறது. உள்ளே மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம் என்று அதற்குப் பொருள். இதை மண்டப ஆலயம் என்பார்கள். நடுப்பத்தியின் வளைகூரை பக்கவாட்டில் தள்ளும் விசையைப் பக்கப்பத்திகளின் கூரைகள் எதிர்த்துத் தாங்குகின்றன. மிச்ச விசை வெளிச்சுவருக்குப் போகிறது. அதனால் பெரிய பேராலயங்களில் காணும் பறக்கும் முட்டுகள், அதாவது சுவரிலிருந்து விலகி நின்று வளைவால் தாங்கும் முட்டுகள், இங்கே தேவைப்படவில்லை. சுவரை ஒட்டிய முட்டுச்சுவர்களே போதும். இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவே ஒரு ஜன்னல் என்றால் உள்ளே ஓர் அங்கணம், அதாவது அடுத்தடுத்த தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி. முட்டுச்சுவர்களை எண்ணினால் வெளியிலிருந்தே தரைப்படத்தை வரைந்துவிடலாம். 1 மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும். அங்கண அகலத்தை டேப்பால் ஒரு தடவை அளந்து எண்ணிக்கையால் பெருக்குங்கள். மொத்த நீளத்தைக் காலடியால் அளந்தால் பிழை கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது கல். நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இதுதான். சாம்பலும் பழுப்பும் கலந்த சொரசொரப்பான இந்தக் கல்லின் பெயர் சூவைட். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் இங்கே விழுந்தபோது நொறுங்கியும் உருகியும் கலந்த பாறை இறுகி உண்டானது. முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். வெளிர் நிறத்தில் கருமையான, ஒழுங்கற்ற திட்டுகள் தெரியும். அவை உருகி உறைந்த கண்ணாடி. சுற்றிலும் கோணல்மாணலான பாறைத் துணுக்குகள். பார்வைக்கு எரிமலைச் சாம்பல் கல்லைப் போலவே இருப்பதால் நெடுங்காலம் இதை எரிமலைக் கல் என்றே நம்பினார்கள். 1960-இல் புவியியலாளர்கள் யூஜின் ஷூமேக்கரும் எட்வர்ட் சாவும் இப்பகுதிச் சூவைட்டில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். மிகக் கடுமையான அழுத்தத்தில் மட்டுமே குவார்ட்ஸ் அப்படி மாறும். விண்கல் மோதியது அதோடு உறுதியானது.

சூவைட் வெட்டுவதற்கு எளிது, காலத்தைத் தாங்குவதில் பலவீனம். அதன் நுண்துகள்களில் நீர் பட்டால் உப்பும் களிமண் கனிமங்கள் உண்டு. நனைந்து உப்பி, காய்ந்து சுருங்கி, கடைசியில் தகடு தகடாக உரிகிறது. மழை அடிக்கும் பக்கத்தையும் ஒதுக்குப்புறத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு கூர்மையாகவும் நிறம் சீராகவும் இருக்கும் கல்லைப் பழையது என்று குறித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பின்னால் மாற்றி வைத்தது. கல்லிடுக்கில் கடினமான சிமெண்ட் பூச்சு இருந்தால் அதைச் சுற்றியுள்ள கல்லைக் கவனியுங்கள். உள்ளே புகுந்த ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் கல்லின் வழியே போவதால் அங்கே சிதைவு அதிகம். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் போடுவது பழைய கட்டடத்துக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு.

இனி டார்ச். சுவருக்கு ஒரு சாண் தள்ளி, சுவரோடு இணையாக ஒளி படும்படி பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் கீறல்கள் நிழலோடு எழும்பி வரும். நேர்கோடுகளால் ஆன, சில சென்டிமீட்டர் அளவுள்ள குறி கண்ணில் பட்டால் அது கல்தச்சரின் அடையாளம். திறந்த வெளிச்சுவரில் அது தேய்ந்திருக்கும் என்பதால் வாசல் நிலைகளிலும் உட்புறத்திலும் தேடுங்கள். ஒரே குறி இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டும் ஒரே காலம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய கல்லை எடுத்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம், குறி குடும்பத்துக்குள் கைமாறியும் இருக்கலாம். கல்வரிசையின் உயரமும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். கல்லின் நடுவே விரல் நுழையும் அளவு குழி இருந்தால் அது பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டு பட்ட தடம் அல்ல, கல்லை மேலே தூக்கும் இரும்பு இடுக்கி கவ்விய இடம். கல்வரிசைகள் ஒரு செங்குத்துக் கோட்டில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போனால் வேலை அங்கே நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது. தரைப்படத்தில் அந்த இடத்தைக் கட்டாயம் குறியுங்கள்.

உள்ளே போனதும் மேற்குக் கடைசியில் நின்று மேலே பாருங்கள். கூரை விலாக்கள் (வளைகூரையில் ஓடும் கல் வரம்புகள்) வலைபோலப் பின்னியிருக்கும். கட்டடத் தலைவர் ஸ்டெஃபான் வைரர் 1495 முதல் 1505 வரை செய்த வேலை இது. முழுக் கூரையையும் வரைய முயன்றால் குழம்பிப்போவீர்கள். கண்ணாடியை இருக்கையில் மல்லாக்க வைத்து, ஓர் அங்கணத்தை மட்டும் அதில் பார்த்து, ஒரே ஒரு விலாவை அது புறப்படும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை வரைந்துகொண்டு போங்கள். கழுத்தும் வலிக்காது. மூன்று விலா வரைந்ததும் மீதி வடிவம் தானே பிடிபடும்.

கல்லில் தேதி தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தில் 4 என்பது 8-இன் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டதுபோல இருக்கும்: மேலே ஒரு சுழி, கீழே குறுக்காகப் பிரியும் இரண்டு கால்கள். 7 என்பது தலைகீழாகக் கவிழ்த்த வி-வடிவம். பழகாத கண்ணுக்கு 1474 என்பது தேதியாகவே தெரியாது.

பிறகு கிழக்குப் பகுதியின் வடசுவர் பக்கம் போங்கள். அங்கே ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கல் வேலைப்பாடு நற்கருணை வைக்கும் மாடம். 1511-இல் தொடங்கி 1525-இல் முடிந்தது. தியோபால்ட் பில்லிக்கான் என்ற போதகர் இந்த ஊரில் லூத்தர் வழிச் சீர்திருத்தப் பிரசங்கம் செய்யத் தொடங்கியது 1522-இல். மாடத்தை முடித்தபோது அதன் பயன்பாடே கேள்விக்குள்ளாகியிருந்தது. ஆனாலும் இடிக்கவில்லை. லுத்தரன் ஆலயத்துக்குள் கத்தோலிக்கக் காலத்துப் பொருள்கள் இப்படி மிஞ்சியிருப்பது இப்பகுதியில் அபூர்வமல்ல. பீடமும் அப்படியே. வெளிச்சட்டம் 1683-இல் செய்த, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி வேலை. நடுவிலுள்ள சிலுவையும் சிற்பங்களும் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிக்கோலாஸ் கெர்ஹார்ட் செதுக்கியவை என்று இன்று கருதுகிறார்கள். அவற்றோடு இருந்த ஃபிரீட்ரிஷ் ஹெர்லினின் ஓவியப் பலகைகள் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே பீடத்துக்கு ஒரே தேதி எழுதாதீர்கள்; சட்டத்துக்கு ஒன்று, சிற்பத்துக்கு ஒன்று.

கடைசியாகக் கோபுரம். உள்ளூர்ப் பெயர் டானியல், உயரம் சுமார் 90 மீட்டர், 350 படி. அவசரமில்லாமல் ஏறுங்கள். கீழே சதுரமாக வரும் கோபுரம் மேலே எண்கோணமாக மாறும் இடத்தை வெளியிலிருந்தே குறித்து வைத்திருந்தால், ஏறும்போது எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பது புரியும். மேலே நின்று சுற்றிப் பார்த்தால் ஊரின் வட்டமான மதில் காலடியில் கிடக்கும். அதற்கு அப்பால், தூரத்தில், குன்றுகள் இன்னொரு வளையமாக எழும்பியிருக்கும். சுமார் 25 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல் பள்ளத்தின் விளிம்பு அது. தென்மேற்கே ஆல்டன்பூர்க் பக்கம் திரும்பிப் பாருங்கள். இந்த ஆலயத்துக்குச் சூவைட் வெட்டிய குவாரி அந்தத் திசையில்தான் இருக்கிறது.