எம்இஎஸ்ஸை பிஎல்சியோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரும் இன்ஜினியர்கள் தொழிற்சாலை உற்பத்தியை நடத்தும் மென்பொருளான எம்இஎஸ்ஸை, இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியோடு இணைப்பதைப் பார்த்தால் அலுப்பாக இருக்கிறது. எங்கள் காலத்துத் தவறுகளே, அதே வரிசையில் வருகின்றன. ஐபி முகவரி மோதுவது, கேபிள் லூசாக இருப்பது போன்றவை தானாகவே தெரிந்துவிடும். வேறு சில தவறுகள் தெரியாது: லைன் ஓடும், டேஷ்போர்டும் பச்சையாகவே இருக்கும், சரக்கு மட்டும் தப்பாக வரும். அப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எழுதியாச்சு, முடிந்தது என்று நினைப்பது

ஒரே லைனில் பல பொருட்களை மாற்றி மாற்றி ஓட்டத்தான் இவ்வளவு இணைப்பும். ஆர்டர் மாறும்போது வேகம், வெப்பநிலை, அழுத்தும் நேரம் என்று ரெசிபியின் (ஒரு பொருளுக்கான அமைப்பு மதிப்புகளின் தொகுப்பு) அத்தனை டேக்குகளையும் (பிஎல்சியில் பெயரிட்ட மதிப்புகள்) எம்இஎஸ் ஒவ்வொன்றாக எழுதும். இரண்டுக்கும் நடுவே தரவைப் பரிமாறும் ஓபிசி யுஏ சர்வர் 'குட்' என்று பதில் தரும். உடனே திரையில் 'ரெசிபி அனுப்பப்பட்டது' என்று வந்துவிடும்.

எழுதும் கோரிக்கை நிறைவேறியது என்பதைத் தவிர அந்தக் 'குட்'டுக்கு வேறு பொருள் இல்லை. இயந்திரம் அதை எடுத்துக்கொண்டதா என்பது தனிக் கேள்வி. பிஎல்சி தன் நிரலைச் சில மில்லி விநாடிக்கு ஒருமுறை தலையிலிருந்து ஓட்டுகிறது, அந்த ஒரு சுற்றுதான் ஸ்கேன். நீங்கள் பட்டியலை எழுதி முடிப்பதற்குள் பல ஸ்கேன்கள் போயிருக்கும்.

ஒரு சீலிங் லைனில் இது நடந்தது. டேக் பட்டியலை யாரோ எக்செல்லில் அகரவரிசைப்படுத்த, 'தொடங்கு' என்று சொல்லும் ஸ்டார்ட் பிட் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட் வந்த நொடியில் பிஎல்சி மதிப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டது. வெப்பநிலை புதிய ஆர்டருடையது, அழுத்தும் நேரம் பழையதுடையது. பார்வைக்கு நன்றாக இருந்த சீல்கள் கிடங்குக்குப் போனபிறகு பிரிந்தன. மென்பொருள்காரர் லாகைக் காட்டினார், அதில் வரிசையாக 'குட்'. பிஎல்சிக்காரர் தன் நிரலைக் காட்டினார், அதிலும் தப்பில்லை. நடுவில் இருந்த இடத்துக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். ரெசிபியை நேரே ஓடும் மதிப்புகளில் எழுதாமல் தனிக் காத்திருப்புப் பகுதியில் எழுதுங்கள். கூடவே ரெசிபி எண்ணையும் எழுதி, கடைசியில் கோரிக்கை பிட்டை ஏற்றுங்கள். பிஎல்சி வரம்புகளைச் சரிபார்த்து, சுழற்சி முடியும் இடத்தில் ஒரே ஸ்கேனில் பிரதி எடுக்கட்டும். பிறகு அதே எண்ணைத் திருப்பிக் காட்டி 'ஏற்றேன்' என்றோ, காரணக் குறியீட்டோடு 'மறுத்தேன்' என்றோ சொல்லட்டும். அதைப் படித்ததும் எம்இஎஸ் கோரிக்கையை இறக்க வேண்டும், பிஎல்சி பதிலை இறக்க வேண்டும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் அலாரம் அடிக்க வேண்டும், ஆர்டர் தொடங்கக் கூடாது. இந்தக் கோரிக்கை-பதில் முறைக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். 'ஹேண்ட்ஷேக்கை அடுத்த கட்டத்தில் போட்டுக்கலாம்' என்பார்கள். அந்த அடுத்த கட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

துடிப்பை எண்ணுவது

ஒரு பொருள் போனால் ஒரு பிட் மின்னும். நீங்கள் விநாடிக்கு ஒருமுறை படித்தால் பாதி தப்பிவிடும். எண்ணுவது பிஎல்சியின் வேலையாக இருக்கட்டும், நீங்கள் இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். 16 பிட் கவுண்டர் 65,535-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மோட்பஸ் கையேட்டை அப்படியே நம்புவது

கருவிகள் தரவைப் பரிமாறிக்கொள்ள 1979-இல் வந்த நெறிமுறை மோட்பஸ், ரிஜிஸ்டருக்கு (ஒரு மதிப்பு உட்காரும் இடம்) 16 பிட்தான். 32 பிட் எண் இரண்டு ரிஜிஸ்டரில் உட்காரும். எது முன்னே என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டில் 40001 என்றிருக்கும் முகவரி பல கருவிகளில் கம்பியில் போகும்போது 0 ஆகிவிடும். எடை தெரிந்த பொருளைத் தராசில் வைத்துப் படித்துப் பாருங்கள், உண்மை உடனே தெரியும்.

கடிகாரம்

எல்லாவற்றிலும் என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் முறை. அவ்வளவுதான்.

அலுவலக நெட்வொர்க்கில் பிஎல்சி

கூடாது. சாதாரண மோட்பஸ் டிசிபியில் (நெட்வொர்க்கில் ஓடும் மோட்பஸ்) கடவுச்சொல்லே கிடையாது. அது பயன்படுத்தும் 502 போர்ட்டை எட்டுகிறவர் எதையும் எழுதலாம்.

மதிப்பை மட்டும் சேமிப்பது

சென்சார் கம்பி அறுந்தாலும் கடைசியாகப் படித்த 72.4 திரையில் அப்படியே நிற்கலாம். ஓபிசி யுஏ ஒவ்வொரு மதிப்போடும் அது நம்பத்தக்கதா என்ற தரநிலையையும், மூலத்தில் அது பதிவான நேரத்தையும் தர முடியும். அந்த இரண்டையும் தரவுத்தளத்தில் போடாமல் விட்டால், செத்த சென்சாரையும் ஓடுகிற சென்சாரையும் பிறகு பிரித்துச் சொல்ல வழியில்லை.