வெள்ள நிவாரணம்: வயலைப் பார்க்கும் முன் அடங்கலைப் பாருங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் இன்றைக்கும் என் திண்ணையில் நாலு பேர் வந்து உட்காருவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, "அடங்கல்ல உம்ம பேரு இருக்கா?" அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் பதிவேடு.

பட்டா கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இந்தப் பசலியில் (வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு), இந்தப் புல எண்ணில், இன்ன பயிர், இவ்வளவு பரப்பு, சாகுபடி செய்பவர் இன்னார் என்று அடங்கல் சொல்ல வேண்டும். பசலி ஜூலை 1-ல் பிறக்கிறது. போன வருட நகல் செல்லாது. நடவு முடிந்த கையோடு போய்ப் பதிவைச் சரிபார்த்து, நகல் வாங்கி வைத்துவிடுங்கள். மழை வந்தபின் அலுவலகத்தில் நிற்கவே இடம் இருக்காது.

வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவர்களுக்குத்தான் பெரிய இடி. பயிர் உங்களுடையது, பணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விடும். கோயில், மடத்து நிலமானால் குத்தகை ரசீதைக் காட்டி அடங்கலில் பெயர் ஏற்றச் சொல்லுங்கள். தனியார் நிலமானால் நிலக்காரரிடம் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். கூட்டுப் பட்டாவில் பங்காளிகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். சண்டையை அறுவடைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஏறியதும் வயலைப் படம் எடுங்கள், வரப்போ மதகோ தெரிகிற மாதிரி. எடுத்துவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். அதிகாரி வரட்டும் என்று பயிரை அழுகவிடுவது மடத்தனம். சாய்ந்து முளைத்த கதிரானால் ஒரு மூலையை அறுக்காமல் விட்டுவையுங்கள். வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும்போது நீங்கள் வயலில் நிற்க வேண்டும். பாதிப்பு 33 சதவீதமா என்பது அங்கேதான் முடிவாகிறது. அதற்குக் குறைந்தால் ஒன்றும் கிடையாது.

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஃபெஞ்சல் புயலுக்கு இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 என்று அறிவித்தார்கள். 17,000 என்பது நம் கணக்கில் ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, ஏறக்குறைய 2,300 ரூபாய். 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். அரசாணைக்கு அரசாணை மாறும். டீக்கடையில் சொல்லும் தொகையை நம்பாதீர்கள்.

பயிர்க் காப்பீடு இதில் சேராது, அது தனி. அறுத்துப் போட்ட நெல் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குத் தகவல் சொல்ல வேண்டும். நிவாரணம் வந்தது என்பதற்காகக் காப்பீடு கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பெயர், பரப்பு, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள். பட்டாவில் "சுப்பிரமணியன்", வங்கிப் புத்தகத்தில் "மணி" என்றிருந்தால் பணம் திரும்பிவிடலாம். வருடக்கணக்கில் தொடாத கணக்கைக் கொடுக்காதீர்கள்.

பெயர் விடுபட்டால் வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். அசையவில்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அடங்கல் நகல், படங்கள், வங்கிப் புத்தக முதல் பக்கம் மூன்றையும் மனுவோடு இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.